ஃப்ளை லைனில் லீடர் கட்டுவது: அடியிலிருந்து நுனிவரை

ஃப்ளை என்ற பாரமற்ற செயற்கை இரையை வீசி மீன்பிடிக்க, பொல்கொட ஏரிக்கரைக்கு விடியற்காலை ஐந்தரைக்கே வந்துவிட்டு, லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் லீடர் என்ற நூலை ஏழு மணிவரை கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கொடுவா கரையோரத் தாவரங்களுக்குள் இரை தேடும் நேரம் அதற்குள் போய்விடும். காற்றும் கிளம்பிவிடும். அரைவெளிச்சத்தில், ஈரக்கையோடு, நுளம்பு கடிக்கக் கடிக்கக் கட்டிய முடிச்சு முதல் மீனிலேயே கழன்றுவிடும்.

லீடர் கட்டுவதை முதல்நாள் வீட்டிலேயே, மேசையில், நல்ல வெளிச்சத்தில் முடித்துவிட வேண்டும். கரையில் செய்ய வேண்டியது ஃப்ளையைக் கட்டுவது மட்டும்தான். கீழே உள்ளது அந்த முதல்நாள் வேலை. கொழும்பைச் சுற்றியுள்ள களப்புகளுக்கும் ஆற்று முகங்களுக்கும் பொருந்தும் 8ஆம் எண் லைனை வைத்து எழுதுகிறேன் (எண் கூடக் கூட லைனின் பாரம் கூடும்). நுவரெலியா ஓடைகளுக்கு 5ஆம் எண் லைனோடு போகிறவர்களுக்கும் வரிசை இதுவேதான். அளவுகள் மட்டும் மாறும்.

1. வரிசை ஏன் முக்கியம்

ரீலிலிருந்து வெளியே வரும்போது முதலில் பேக்கிங் என்ற மெல்லிய அடிநூல், அடுத்து ஃப்ளை லைன், அடுத்து லீடர், அதன் நுனியில் டிப்பெட் என்ற மெல்லிய நுனித் துண்டு, கடைசியில் ஃப்ளை.

சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் பாரம் நூலை இழுத்துக்கொண்டு பறக்கும். இங்கே ஃப்ளைக்குப் பாரமே இல்லை. பாரம் முழுவதும் லைனில் இருக்கிறது. 8ஆம் எண் லைனின் முதல் 30 அடி மட்டும் 210 கிரெய்ன், அதாவது 13.6 கிராம். வீசும்போது லைன் ஒரு வளைவாகச் சுருண்டு முன்னே உருள்கிறது. அந்த வேகம் லைனிலிருந்து லீடருக்கும், லீடரிலிருந்து ஃப்ளைக்கும் கைமாற வேண்டும்.

கைமாறும் இடத்தில் தடிப்பு திடீரென்று குறைந்தால் வேகம் அங்கேயே செத்துவிடும். லீடர் ஒரு குவியலாக விழும். அதனால்தான் லீடர் கரும்பைப் போல அடி தடித்து நுனி மெலிந்து வருகிறது.

பலமும் அடியிலிருந்து நுனிக்குக் குறைந்துகொண்டே போக வேண்டும். சாதாரண ஃப்ளை லைன்களின் உள்நூல் 20 முதல் 30 இறாத்தல் வரை தாங்கும். டிப்பெட் அதைவிடப் பலமாக இருந்தால், ஃப்ளை கண்டல் வேரில் சிக்கும்போது அறுவது டிப்பெட் அல்ல, விலை கூடிய லைன். லைன் எத்தனை இறாத்தல் தாங்கும் என்று பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் டிப்பெட் வாங்குங்கள்.

2. மேசையில் முன்கூட்டியே இருக்க வேண்டியவை

லைன் சுற்றிய ரீல். 9 அடி, அதாவது சுமார் 2.7 மீற்றர் நீளமுள்ள, அடி தடித்த லீடர் ஒன்று. 8ஆம் எண் லைனுக்கு லீடரின் அடி 0.55 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. லைன் முனையின் தடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு என்பது கைக்கணக்கு. 5ஆம் எண் லைனுக்கு 0.50 போதும்.

டிப்பெட் சுருள் ஒன்று, கூரான நகவெட்டி, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு துணி. லைன் முனையில் கண்ணி இல்லையென்றால், பஞ்சுக்குச்சியின் உள்ளீடற்ற பிளாஸ்டிக் தண்டில் 5 செ.மீ. துண்டொன்றும் வேண்டும். கழுவிக் காயவைத்த பேனை ரீஃபில் குழாயும் அதே வேலையைச் செய்யும், ஆனால் மை துளிகூட மிஞ்சக் கூடாது.

முடிச்சு பழக இன்னும் இரண்டு: பழைய சப்பாத்து லேஸ் ஒன்று, தடித்த நைலோன் கயிறு ஒரு முழம். லைனில் கை வைக்கும் முன் ஒவ்வொரு முடிச்சையும் இவற்றில் ஐந்து தடவை கட்டிப் பாருங்கள். நூல் எந்தப் பக்கம் போகிறது என்பது தடித்த கயிற்றில்தான் கண்ணுக்குத் தெரியும். லைனில் பழகினால் ஒவ்வொரு தவறுக்கும் லைனில் ஓரங்குலம் வெட்டுப்படும்.

மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மெல்லிய டிப்பெட் காற்றில் பறந்து சிக்கிக்கொண்டால், அதைப் பிரிக்கவே அரை மணி போய்விடும்.

தங்கூசி என்று நாம் பொதுவாகச் சொல்லும் தூண்டில் நூலில் இரண்டு வகை உண்டு, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். நைலோன் இளகியது, முடிச்சு நன்றாக இறுகும், மெதுவாகத்தான் தாழும். ஃப்ளூரோகார்பன் அடர்த்தி கூடியது, வேகமாகத் தாழும், உராய்வைத் தாங்கும், ஆனால் முடிச்சுப் போடும்போது அடம்பிடிக்கும். முழு லீடரையும் முதலில் நைலோனிலேயே கட்டுங்கள். நுனித் துண்டை மட்டும் பிறகு ஃப்ளூரோகார்பனுக்கு மாற்றலாம்.

3. லைனின் எந்த முனை?

முன்பாரம் கொண்ட லைனில், அதாவது டபிள்யூ எஃப் என்று பெட்டியில் எழுதியிருக்கும் வகையில், ஒரு பக்கத்து 9 முதல் 12 மீற்றர்வரை தடித்திருக்கும். மீதி முழுவதும் மெல்லியது. தடித்த பக்கம் வெளியே, லீடருக்கு. மெல்லிய பக்கம் உள்ளே, பேக்கிங்குக்கு.

புது லைனில் ரீலுக்குப் போகும் முனையில் சிறு ஒட்டுத்தாள் இருக்கும். கைமாறி வந்த லைனில் அது இருக்காது. என்னிடம் உதவி கேட்டு வந்த ஒரு தம்பி இரண்டு மாதமாகத் தலைகீழாகச் சுற்றிய லைனோடு வீசிக்கொண்டிருந்தார். தன் கைதான் சரியில்லை என்று நினைத்து மனம் விட்டுப்போயிருந்தார். வெளியே இருக்கும் முனையிலிருந்து 15 மீற்றரை இழுத்து விரல்களுக்கிடையில் ஓடவிட்டுப் பாருங்கள். முதலில் மெலிந்து தொடங்கி, தடித்து, மறுபடி மெலிந்தால் சரி. கடைசிவரை ஒரே மெல்லிசாக வந்தால் லைன் தலைகீழ்.

இப்போது முனையைப் பாருங்கள். தொழிற்சாலையிலேயே ஒட்டிய சிறு கண்ணி இருந்தால் 5ஆம் படிக்குப் போகலாம். கண்ணியின் கழுத்தில் வெடிப்போ, உள்ளே வெள்ளை நூல் தெரிவதோ இருந்தால் அதை நம்ப வேண்டாம், வெட்டிவிட்டு 6ஆம் படிக்குப் போங்கள். நல்ல கண்ணியை வெட்டிவிட்டு முடிச்சுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தேவையில்லாத இழப்பு.

4. லீடரைப் பிரித்து நேராக்குதல்

பெரும்பாலான புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். பக்கெற்றை உடைத்ததும் ஒரு முனையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். சுருள் எட்டு எட்டாக முறுகி, லீடர் மேசைக்கு வரும் முன்பே பாழாகிவிடும்.

சுருளுக்குள் இடக்கையின் நான்கு விரல்களையும் விட்டு, விரல்களை மெல்ல விரித்து இறுக்கமாக வைத்திருங்கள். சுருளைச் சுற்றிக் கட்டியிருப்பது பெரும்பாலும் தடித்த அடி முனைதான். அதை வலக்கையால் பிடித்து, சுற்றிய வழியே திருப்பிச் சுற்றிக் கழற்றுங்கள். கட்டு அவிழ்ந்ததும் ஒவ்வொரு வளையமாக வெளியே எடுங்கள். இழுக்கக் கூடாது, கழற்ற வேண்டும்.

முழுதும் வந்தபின், அரை மீற்றர் அரை மீற்றராகப் பிடித்து, உள்ளங்கைக்குள் நாலைந்து தடவை உருவி, சூடு ஏறியதும் மெதுவாக இழுத்துப் பிடித்துப் பத்துவரை எண்ணுங்கள். நைலோனுக்குச் சுருண்ட ஞாபகம் உண்டு. கைச்சூடும் இழுவையும் அதை மறக்கச் செய்யும். சுருண்ட லீடர் தண்ணீரில் ஸ்பிரிங் போலக் கிடக்கும். மீன் ஃப்ளையை வாயில் எடுத்துத் துப்பியபின்தான் அது உங்கள் கைக்குத் தெரியவரும்.

மெழுகுவர்த்தி, இஸ்திரிப் பெட்டி, கொதிநீர் எதுவும் வேண்டாம். சூடு கூடினால் நைலோன் பலமிழக்கும்.

ஆயத்த லீடர் கிடைக்கவில்லையென்றால் நான் கட்டும் அளவு இது: 0.55 மி.மீ. நைலோன் 1.2 மீற்றர், 0.45 அரை மீற்றர், 0.38 நாற்பது செ.மீ., 0.32 அறுபது செ.மீ. மொத்தம் 2.7 மீற்றர். துண்டுகளை 8ஆம் படியில் வரும் முடிச்சால் இணைக்கலாம். எல்லாம் ஒரே வகை நைலோனாக இருக்கட்டும். இளகியதும் விறைத்ததும் கலந்தால் இணைப்புகளில் மடிப்பு விழும்.

5. கண்ணிக்குள் கண்ணி

லீடரின் அடியிலும் ஆயத்தக் கண்ணி இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் பெர்ஃபெக்ஷன் லூப் என்ற கண்ணியைக் கட்டுங்கள். சாதாரண முடிச்சைவிட இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், கண்ணி நூலின் நேர்கோட்டிலேயே நிற்கும். மற்றக் கண்ணிகள் ஒரு பக்கம் சரிந்து, லீடரையும் சரிவாக இழுக்கும்.

நூலின் வாலை, அதாவது குட்டை முனையை, நெடுநூலுக்கு, அதாவது மீதி நீளமான பக்கத்துக்கு, பின்னால் கொண்டுபோய் ஒரு வளையம் செய்யுங்கள். சந்திப்பை விரலால் அழுத்திப் பிடியுங்கள். அதே வாலை அந்த வளையத்தின் முன்னால் கொண்டுவந்து, பின்னால் சுற்றி, முன்பக்கத்தில் இன்னொரு சிறிய வளையம் செய்யுங்கள். இப்போது வாலை இரண்டு வளையங்களுக்கும் இடையில் கிடத்துங்கள். பெரிய வளையத்துக்குள் பின்பக்கமிருந்து விரலை விட்டு, சிறிய வளையத்தைப் பிடித்துப் பெரியதன் ஊடாகப் பின்னால் இழுத்தெடுங்கள். நனைத்து இறுக்குங்கள். வால் நெடுநூலுக்குக் குறுக்காக நின்றால் முடிச்சு சரி. கண்ணி ஒன்று, ஒன்றரை செ.மீ. நீளம் போதும்.

இனி இணைப்பு. லீடரின் கண்ணியை லைனின் கண்ணிக்கு மேலாகப் போட்டு லைன்மேல் ஏற்றுங்கள். லீடரின் மெல்லிய நுனியை லைனின் கண்ணிக்குள் விட்டு, லீடர் முழுவதையும் அதன் ஊடாக இழுத்தெடுங்கள். இழுத்து முடியும் தறுவாயில் வேகத்தைக் குறைத்து, இரண்டு கண்ணிகளும் எப்படி அமர்கின்றன என்று பாருங்கள்.

இரண்டு பேர் கைவிரல்களைக் கொக்கியாக மாட்டி இழுப்பதுபோல, இரண்டு கண்ணிகளும் ஒன்றையொன்று சமமாகப் பிடித்திருக்க வேண்டும். ஒன்று பின்னால் மடிந்து மற்றதன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தால் பிழை. மெல்லிய கடின நைலோன் கத்தி மாதிரி லைனின் பூச்சுக்குள் இறங்கும். சில நாட்களில் கண்ணி வெட்டுப்படும். இரண்டு பக்கத்தையும் ஒன்றையொன்று நோக்கித் தள்ளித் தளர்த்தி, திருத்தி அமர்த்துங்கள். இதைப் பார்க்க ஐந்து விநாடிகூடப் போகாது. ஆனாலும் நான் பார்த்த புதியவர்களில் அரைவாசிப் பேர் இதைப் பாராமலே இழுத்து இறுக்கிவிட்டார்கள்.

லீடர் முழுவதையும் கண்ணிக்குள் இழுக்க வேண்டியிருப்பதால்தான் ஃப்ளை கடைசியில் வருகிறது. ஃப்ளையை முதலிலேயே கட்டியவர் கொளுக்கியோடு சேர்த்து இழுக்க வேண்டிவரும்.

6. லைன் முனையில் கண்ணி இல்லையென்றால்

இங்கே இரண்டு வழி. நன்னீருக்கும் சிறிய மீனுக்கும் முதலாவது போதும். கொடுவா, பாரை என்று போகிறவர்கள் இரண்டாவதையே செய்யுங்கள்.

முதலாவது, நெயில் நொட். 0.55 நைலோனில் 50 செ.மீ. துண்டொன்று எடுங்கள். லைனின் முனை வலப்பக்கம் பார்க்க, இடக்கையில் பிடியுங்கள். குழாயை லைனோடு ஒட்டி வையுங்கள். நைலோன் துண்டையும் அவற்றோடு சேர்த்து, அதன் நீளமான பக்கம் வலப்பக்கமாக வெளியே போகும்படி கிடத்துங்கள். இடப்பக்கம் 20 செ.மீ. வால் இருக்கட்டும்.

அந்த வாலை மடித்து, லைன், குழாய், நைலோன் மூன்றையும் சேர்த்துச் சுற்றத் தொடங்குங்கள். சுற்று இடமிருந்து வலமாக, லைன் முனையை நோக்கி நகர வேண்டும். ஆறு சுற்று, பாய் பின்னுவதுபோல ஒன்றோடொன்று ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல். ஆறாவது முடிந்ததும் வாலைக் குழாயின் வல வாயில் விட்டு இட வாயால் வெளியே எடுங்கள். வால் இப்போது எல்லாச் சுற்றுக்கும் அடியால் போயிருக்கிறது.

இடக்கை விரல்களால் சுற்றுகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, குழாயை இடப்பக்கமாக உருவியெடுங்கள். பிடி தளர்ந்தால் முழுவதும் குலைந்துவிடும். வாலையும் நீளமான பக்கத்தையும் மாறிமாறி மெல்ல இழுங்கள். பாதி இறுகியதும் நிறுத்தி, நகத்தால் சுற்றுகளைச் சேர்த்து, ஒன்றும் ஏறவில்லை என்று உறுதி செய்து, நனைத்து, பிறகு முழுப் பலத்தோடு இறுக்குங்கள். நைலோன் பூச்சுக்குள் சற்றுப் புதைய வேண்டும். லைனின் மிச்ச முனையையும் நைலோன் வாலையும் ஒட்ட வெட்டிவிடுங்கள்.

அந்தத் துண்டின் மறுமுனையில் பெர்ஃபெக்ஷன் லூப் ஒன்று கட்டினால் 20, 25 செ.மீ. நீளமான நிரந்தர அடி கிடைத்துவிடும். இனி எத்தனை லீடர் மாற்றினாலும் லைனை வெட்ட வேண்டியதில்லை.

இந்த முடிச்சு பிடித்திருப்பது பூச்சை, உள்நூலை அல்ல. பெரிய மீன் இழுத்தால், பாம்பு சட்டை உரிப்பதுபோல பூச்சு உள்நூலிலிருந்து உரிந்து முடிச்சோடு போய்விடும். பாணந்துறை ஆற்றுமுகத்தில் ஒரு மாலை எனக்கு அது நடந்தது. லைனின் முனையில் தும்புபோல வெள்ளை நூல் மட்டும் மிஞ்சியிருந்தது. நல்ல பாரை ஒன்று, வாயில் மூன்று மீற்றர் நைலோனோடு போனது இன்றைக்கும் மனதை வருத்துகிறது.

அதனால் இரண்டாவது வழி. லைனின் முனையை 3 செ.மீ. பின்னால் மடித்து ஒரு கண்ணியாக்குங்கள். 0.28 மி.மீ. நைலோனை எடுத்து, இரட்டையாகக் கிடக்கும் லைன்மேல், மேலே சொன்ன அதே நெயில் நொட்டைப் போடுங்கள். இந்தத் தடவை முடிச்சுக் கட்டுகிற நூலாக மட்டும் நிற்கிறது, இரண்டு வாலையும் வெட்டிவிடலாம். அரை செ.மீ. தள்ளி இரண்டாவது முடிச்சு. மீன் இழுக்க இழுக்க இரண்டும் இரட்டை லைனை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். மடித்த லைனின் முனையைச் சரிவாக வெட்டுங்கள், தடியின் வளையங்களில் அது தடக்காது. முடிச்சுகளின்மேல் சுப்பர் குளூ ஒரு துளி, ஊசி முனையால். லைனில் வழியவிட்டால் அந்த இடம் விறைத்து, பிறகு வெடிக்கும்.

7. இரண்டு சோதனை

*வளைவு.* இணைப்புக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் லைனையும், ஒரு சாண் அந்தப் பக்கம் லீடரையும் பிடித்து, கைகளை நெருக்கிக் கொண்டுவாருங்கள். இணைப்பு நடுவில் இருக்க, ஒரு வளைவு உண்டாகும். அது சீராக, வாழைத்தண்டு வளைவதுபோல இருந்தால் வேகம் தடையில்லாமல் போகும். இணைப்பில் முழங்கை மாதிரி மடிந்தால் லீடரின் அடி மிக மெல்லியது, அல்லது மிக இளகியது. காலிமுகத்திடலில் எவ்வளவு வீசிப் பழகினாலும் அந்த லீடர் நீளாது.

*இழுவை.* லைனையும் லீடரையும் துணியால் சுற்றிப் பிடித்து, மெதுவாக இழுவையைக் கூட்டி ஐந்து விநாடி நிறுத்துங்கள். வெட்டி இழுக்க வேண்டாம். வெறுங்கையால் இழுத்தால் நைலோன் விரலை அறுக்கும். இங்கே கழன்றால் சந்தோஷப்படுங்கள், கழன்றது மேசையில்தானே.

கடைசியாக, இணைப்பைத் தடியின் நுனி வளையத்துக்குள் கையால் இழுத்து, திரும்பத் தள்ளிப் பாருங்கள். "டிக்" என்று தடக்கினால், மீன் கரைக்குக் கிட்ட வந்து கடைசியாக ஓடும்போதும் அதே இடத்தில் தடக்கும்.

8. டிப்பெட்

லீடர் நுனியிலேயே ஃப்ளையைக் கட்டினால், ஒவ்வொரு ஃப்ளை மாற்றத்துக்கும் லீடர் ஒரு விரற்கடை குறைந்து, தடித்த பகுதி நுனிக்கு வந்துவிடும். டிப்பெட் அந்தத் தேய்மானத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும்.

தடிப்பை எக்ஸ் எண்ணில் எழுதியிருப்பார்கள். எண் கூடக் கூட நூல் மெலியும். 11இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வரும். 4எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 7, அது 0.18 மி.மீ. 0எக்ஸ் 0.28 மி.மீ. நுவரெலியாவில் டிரவுட்டுக்கு 4எக்ஸ், 5எக்ஸ். நம் களப்புகளுக்கு எக்ஸ் கணக்கை விட்டுவிட்டு 0.32 முதல் 0.40 வரை வைத்துக்கொள்ளுங்கள். கொடுவாவின் வாய் அரம்போலச் சொரசொரப்பு, செவுள்மூடி கத்தி. மெல்லியது நிற்காது.

முடிச்சு சேர்ஜன்ஸ் நொட். லீடரின் நுனியையும் டிப்பெட்டின் தொடக்கத்தையும் எதிரெதிராக 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். இரண்டையும் ஒரே நூலாகப் பாவித்து ஒரு வளையம் செய்து, லீடரின் வாலையும் டிப்பெட் முழுவதையும் அதற்குள் இரண்டு தடவை விட்டெடுங்கள். ஃப்ளூரோகார்பன் என்றால் மூன்று தடவை. நனைத்து, நான்கு நூலையும் ஒருசேர இழுத்து இறுக்குங்கள்.

டிப்பெட் முழுவதும் வளையத்துக்குள் போக வேண்டும் என்பதால், சுருளிலிருந்து முதலில் 60 செ.மீ. வெட்டியெடுத்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். சுருளோடு கட்ட முயன்று திணறுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் ஒருவராவது இருப்பார்கள்.

நனைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த நைலோன் இறுகும்போது உராய்ந்து சூடாகி, முடிச்சுக்குள்ளேயே வெந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. கிண்ணத்துத் தண்ணீரில் முக்கி இறுக்குங்கள். களப்புத் தண்ணீரில் நனைத்த நூலை வாயில் வைக்க வேண்டாம்.

தாழும் லைன் என்றால் லீடரும் டிப்பெட்டும் சேர்த்து ஒன்று, ஒன்றரை மீற்றர் போதும். நீண்ட லீடர் ஃப்ளையை மேலேயே மிதக்கவிட்டு, லைனை மட்டும் கீழே போகவிடும்.

9. கரையில்

வீட்டிலிருந்து வரும்போது லீடர் ரீலில் சுற்றியிருக்கட்டும். கரையில் லீடர் முழுவதையும் இரண்டு மீற்றர் லைனையும் இழுத்துவிட்டு, லைனை இரண்டாக மடித்து, அந்த மடிப்பைத் தடியின் வளையங்களுக்குள் கோத்தெடுங்கள். கை தவறினாலும் மடிப்பு விரிந்து வளையத்தில் நிற்கும். லீடர் நுனியைக் கோத்தவர் கை தவறினால் எல்லாம் சரிந்து ரீலடிக்கு வந்துவிடும்.

பிறகுதான் ஃப்ளை. பெரிய ஃப்ளைக்குக் கண்ணி முடிச்சு, அது தண்ணீரில் தாராளமாக ஆட இடம் கொடுக்கும். சிறியதற்கு உங்களுக்குத் தெரிந்த வழக்கமான தூண்டில் முடிச்சே போதும்.

நுளம்பு மருந்து பூசிய கையால் லைனைத் தொடாதீர்கள். டீட் கலந்த மருந்து பிளாஸ்டிக்கைக் கரைக்கும், லைனின் பூச்சு பிசுபிசுத்துப் பிறகு வெடிக்கும். டெங்கு உள்ள ஊரில் மருந்து பூசாமல் இருக்கச் சொல்லமாட்டேன். புறங்கையால் பூசிக்கொள்ளுங்கள், உள்ளங்கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

10. அறுந்த நுனியைப் பாருங்கள்

"அண்ணா, மீன் நூலை அறுத்துக்கொண்டு போயிட்டுது."

"நுனியைக் காட்டுங்கோ தம்பி."

இந்தப் பேச்சு என் ஞாயிற்றுக்கிழமைகளில் வராமல் இருப்பதில்லை. பத்தில் ஏழெட்டுத் தடவை அந்த நுனி பன்றிவால் மாதிரிச் சுருண்டிருக்கும். அப்படியென்றால் மீன் அறுக்கவில்லை, முடிச்சு வழுகிக் கழன்றது. சுற்றுப் போதவில்லை, அல்லது கடைசியாக இறுக்கவில்லை, அல்லது வாலை ஒட்ட வெட்டிவிட்டார். டிப்பெட், ஃப்ளை முடிச்சுகளில் 2 மி.மீ. வால் விட வேண்டும்.

நுனி வெள்ளையாகி, தொட்டால் சொரசொரத்தால் பாறையிலோ மட்டியிலோ மீன்வாயிலோ உராய்ந்தது. டிப்பெட்டைத் தடிப்பாக்குங்கள், ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு முழத்தை விரலால் தடவிப் பாருங்கள். சுத்தமாக வெட்டியதுபோல இருந்தால் செவுள்மூடியோ பல்லோதான் காரணம். முடிச்சிருந்த இடத்திலேயே, சுருளாமல் ஒடிந்திருந்தால் நனைக்காமல் இறுக்கியிருக்கிறீர்கள்.

லீடரின் நடுவில் அறுந்தால், வீசும்போது தானாக விழுந்த முடிச்சொன்று அங்கே இருந்திருக்கும். காற்று முடிச்சு என்பார்கள். அது நூலின் பலத்தை வெகுவாகக் குறைக்கும். அரைமணிக்கொரு தடவை லீடரை விரலிடையில் ஓடவிட்டுப் பாருங்கள். இறுகாததை ஊசிமுனையால் அவிழ்க்கலாம். இறுகியிருந்தால் வெட்டிப் புது டிப்பெட் கட்டுங்கள், வேறு வழியில்லை.

11. வீடு திரும்பியபின்

அன்றைக்கே லைனின் முன்பகுதியையும் லீடரையும் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, துணியால் துடைத்து, நிழலில் காயவையுங்கள். உப்பு காய்ந்து முடிச்சுக்குள் பளிங்காகிவிட்டால் அடுத்த இழுவையில் அது நூலை அராவும்.

டிப்பெட்டை வெட்டியெறியுங்கள். அடுத்த தடவைக்குப் புதுசு. வெட்டிய துண்டுகளை ஏரிக்கரையிலோ காணுக்குள்ளோ போடாமல் ஒரு போத்தலில் சேர்த்துவையுங்கள், கொக்கின் காலில் சுற்றிய தங்கூசியைக் கழற்றிய அனுபவம் எனக்கு உண்டு. இணைப்புக் கண்ணிகளைத் தளர்த்தி, கழுத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்று இரவே 6ஆம் படி.

ரீலை வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுவைக்காதீர்கள். லீடரின் நுனியை ரீலின் துளையொன்றில் செருகி வையுங்கள். உள்சுற்றுக்குள் நுனி புகுந்துவிட்டால், அடுத்த ஞாயிறு விடியற்காலை அதைத் தேடியெடுக்கவே நேரம் போய்விடும்.